தாழ் போட்ட குளியலறை

மறுபடியும் அணைந்துவிட்டது. குழாயைத் திறந்ததும் கேஸ் கீஸர் டிக் டிக் டிக் என்று பல்லைக் கடித்தது, பக்கென்று பற்றியது, சின்னக் கண்ணாடி வழியாகச் சுடர் தெரிந்தது, வாளி கால்பங்கு நிறைவதற்குள் ஒரு சொடுக்குச் சத்தம், சுடர் போய்விட்டது. தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. தை மாதத்து ஓசூரில், எதிர்வீட்டுச் சுவரே தெரியாத பனியில், இந்தத் தண்ணீரை அறுபத்து மூன்று வயது உடம்பில் ஊற்றிக்கொள்ள முடியுமா. முடியாது. குழாயை மூடினேன். மூடித் திறந்தால் மறுபடி பற்றும், மறுபடி அணையும். இன்றைக்கு ஒரு முடிவு தெரியாமல் இந்தக் குளியலறையை விட்டு வெளியே போவதில்லை என்று துண்டைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் போட்டிருக்கிறேனா? போட்டிருக்கிறேன். தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டேன். வீட்டில் இருப்பது நானும் அம்சவேணியும் மட்டும்தான். கட்டிய மனைவி இருக்கிற வீட்டில் ஒருவன் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நல்லதில்லை. அது எனக்கே தெரிகிறது. தெரிந்தும் பார்த்தேன்.

பழக்கம். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் வேலை, அதில் கடைசிப் பதினாறு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். வேடியப்பன் ஏறினான் என்றால் பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும் என்று டிப்போவில் சொல்வார்கள். டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடிக்கக் கையைப் பார்க்கக் கூடாது, கண்ணையும் பார்க்கக் கூடாது, கழுத்தைப் பார்க்க வேண்டும். டிக்கெட் இல்லாதவன் கழுத்துதான் முதலில் அசையும், ஜன்னல் பக்கம் திரும்பும். கீஸருக்குக் கழுத்து இல்லை. ஆனால் முறை ஒன்றுதான், ஒரு சீட்டையும் விடாமல் முன்னாலிருந்து பின்னால் வரை போக வேண்டும். முதல் சீட்டு பேட்டரி. அடியில் இருக்கும் மூடியைத் திறந்து தடித்த செல் இரண்டையும் நேற்றே மாற்றிவிட்டேன், கடையில் நானே நின்று வாங்கியவை. பொறி நன்றாகத்தான் விழுகிறது. அடுத்தது தண்ணீர் வேகம். ஷவர் தலையைக் கழற்றி உப்புக் கட்டியை எலுமிச்சம் பழம் தேய்த்து எடுத்தேன், தண்ணீர் கொட்டுகிறது, குறையில்லை. திருகு இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, குளிர்காலப் படம் போட்ட பக்கம் முழுக்கத் திருப்பியிருக்கிறது. அடுத்தது காற்று. பொங்கல் முடிந்த மறுநாள் சுடர் ஆடுவதைப் பார்த்தேன். மேலே கண்ணாடிப் பட்டைகள் வைத்த வென்டிலேட்டர், அதன் வழியாகப் பனிக்காற்று நேராகச் சுடரின் மேல் அடிக்கிறது. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, வென்டிலேட்டர் அளவுக்கு வெட்டி, உள்பக்கம் வைத்து, நாலு ஓரமும் பழுப்பு டேப் ஒட்டினேன். ஒரு ஊசிமுனைக் காற்றுகூட வராது. கதவுக்கு அடியில் பழைய சாக்கை மடித்து வைத்தேன். சுத்தமான வேலை. அதற்குப் பிறகும் அணைகிறது, முன்னைவிட அதிகமாக அணைகிறது. ஆக காற்று காரணமில்லை. அந்தச் சீட்டும் முடிந்தது. பாக்கி இருப்பது சிலிண்டர். சிலிண்டர் உள்ளே இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம், கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரப்பர் குழாய் மட்டும்தான் ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. நான் உள்ளே தாழ் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த ரெகுலேட்டரை யார் வேண்டுமானாலும் மூடலாம், திறக்கலாம். யார் வேண்டுமானாலும் என்ன, யார் வேண்டுமானாலும்! வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

குழாயைத் திறந்தேன். டிக் டிக் டிக். பற்றியது. சுடர் நீலமாக இருக்க வேண்டும், இது நுனியில் மஞ்சளாக இருக்கிறது. அந்தக் கண்ணாடி அழுக்காகவும் இருக்கலாம். கீஸருக்கு மேலே சுவரில் கையகலத்துக்குக் கரி. நெற்றிக்குள் அந்த இடம் மெல்ல விம்ம ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு நாளாக இந்தத் தலைவலி. காலையில் எழுந்திருக்கும்போது இருப்பதில்லை, குளித்து முடிக்கிற நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது, பத்து மணிவரை மண்டைக்குள் யாரோ டயரை மாற்றுவது போல இடிக்கிறது, பிறகு போய்விடுகிறது. கால் தள்ளாடுகிறது. முந்தாநாள் பேப்பர் படிக்கும்போது எழுத்து மிதந்தது. பன்னிரண்டு நாள் என்பதை நான் சும்மா சொல்லவில்லை, காலண்டரில் புள்ளி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் என்ன நடந்தது? அம்சவேணி முடக்கத்தான் கஷாயம் போட ஆரம்பித்தாள். முட்டிவலி என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. நான் படியேறுவதைப் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், பச்சையாக, ஓரத்தில் நுரையோடு. கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் இருபத்து நாலு வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவள். எந்தத் தூளில் எவ்வளவு போட்டால் எத்தனை நாளில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? சீ. என்ன நினைப்பு இது. தலையை உதறினேன், உதறியதும் வலி பக்கவாட்டில் சாய்ந்து காதுக்கு வந்தது. சுடர் அணைந்தது.

எட்டு மாதமாகிறது அவளைக் கட்டி. பதிவு அலுவலகத்தில் மாலைகூட இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கட்டினோம். முதல் மனைவி ராஜாமணி போய் ஆறு வருஷம், நான் ரசம் வைத்து நானே குடித்து அலுத்துப்போயிருந்தேன். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, அதுவரை கல்யாணமே இல்லை, பெண்கள் விடுதியில் ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி. அவள் ஏன் சரி என்றாள்? இந்தக் கேள்வியை முதலில் நான் கேட்கவில்லை, புனேயிலிருந்து மகன் கேட்டான். நல்லாத்தான் இருக்காங்க, ஆனா பார்த்துக்கோங்கப்பா என்றான். பார்த்துக்கோங்கப்பா. அந்த ஒரு வார்த்தை ஷூவுக்குள் விழுந்த கல் மாதிரி, உட்கார்ந்தால் தெரியாது, நடந்தால் குத்தும். அதிலிருந்துதான் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் இந்தக் கீஸர் பக்கமே வருவதில்லை. விடிவதற்கு முன் கொல்லையில் இருக்கிற சின்னக் குளியலறையில் பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிஷத்தில் குளித்துவிட்டு வந்துவிடுகிறாள். ஏன் அம்சா, வெந்நீர் வேண்டாமா என்றால், ஹாஸ்டல் பழக்கங்க, வரிசையில பத்துப் பேர் நிப்பாங்க என்று சிரிக்கிறாள். இருபத்து நாலு வருஷப் பழக்கம் சரி, வீட்டில் எவன் வரிசையில் நிற்கிறான்? கஷாயத்தை நாலு நாளாக வாஷ்பேசினில் ஊற்றிவிடுகிறேன். ஊற்றிவிட்டு டம்ளரை நக்கிய மாதிரி காலியாகக் கொடுக்கிறேன். அப்படியும் தலைவலி நிற்கவில்லை. நிற்காததால் அவள் மேல் தப்பில்லை என்று ஆகிறதா? ஆகிறது. இல்லை, ஆகவில்லை, கஷாயத்தில் இல்லையென்றால் சாம்பாரில் இருக்கலாம். ஆனால் சாம்பாரை இரண்டு பேரும்தான் சாப்பிடுகிறோம், அவள் ஓடியாடிக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் என் தட்டில். தட்டைக் கழுவி வைப்பதும் அவள்தான். கீஸர் மெக்கானிக்கைக் கூப்பிடலாங்க என்று மூன்று நாளாகச் சொல்கிறாள். மூன்று நாளாகச் சொல்வதால்தான் நான் கூப்பிடவில்லை. ஒரு ஆள் ஒரு விஷயத்தில் இவ்வளவு அவசரப்பட்டால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டிக் டிக் டிக். எத்தனையாவது தடவை இது? ஆறா, ஏழா. எதிரே சுவரில் டைல்ஸை எண்ணினேன், குறுக்கே பதினொன்று, மறுபடி எண்ணினால் பன்னிரண்டு. யாரோ ஒன்றைக் கூட்டிவிட்டார்கள். ஆவி கொஞ்சம் வருகிறது, தண்ணீர் கொஞ்சம் சுடுகிற மாதிரி இருக்கிறது, விடக் கூடாது, இந்தத் தடவை பிடித்துவிடலாம். கண்ணை மூடினால் பனி. தொப்பூர் கணவாய்ப் பனி. ஏன் இப்போது தொப்பூர்? அந்தப் பொம்பளையை நினைத்துப் பல வருஷமாகிறது. இல்லை, பொய், போன வாரம்கூட நினைத்தேன். கருநீலச் சேலை, மடியில் மூக்கொழுகுகிற ஒரு குழந்தை. டிக்கெட் எடுத்தேன் சார் என்றாள். எங்கே என்றேன். குழந்தை கையில குடுத்தேன் சார், காணோம். கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பியது, நான் பார்த்தேன், பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். இறங்கு என்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. முதலில் சார் சார் என்று கெஞ்சியவள் படியில் நின்றுகொண்டு திடீரென்று, யோவ், உனக்குக் கண்ணு இருக்காய்யா, புள்ளையோட இருக்கேன்யா என்று கத்தினாள். மரியாதை கெட்ட பேச்சு, குற்றம் செய்த நெஞ்சுதான் இப்படிக் கத்தும் என்று கண்டக்டரிடம் சொன்னேன். விசில் அடிக்கச் சொன்னேன். தர்மபுரி போவதற்குள், அவள் உட்கார்ந்திருந்த சீட்டின் கிழிசலுக்குள், குழந்தையின் எச்சிலில் நனைந்து மடிந்த டிக்கெட் கிடந்தது. கண்டக்டர் எடுத்து என் கையில் கொடுத்தான். நான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ராஜாமணியிடம்கூடச் சொன்னதில்லை. கழுத்து ஏன் திரும்பியது? பயந்தாலும் கழுத்து திரும்பும். வெட்கப்பட்டாலும் திரும்பும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாதா, தெரிந்தும்தான்.

குரல் கேட்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அம்சவேணி போனில் பேசுகிறாள். தண்ணீரைச் சின்னதாக வைத்துக் காது கொடுத்தேன். காலையில மட்டும்தான் டாக்டர், என்கிறாள். பன்னெண்டு நாளா. இல்ல டாக்டர், எனக்கு ஒண்ணும் ஆகல, அவருக்கு மட்டும்தான். அவருக்கு மட்டும்தான். நாளையும் எண்ணி வைத்திருக்கிறாள், நான் காலண்டரில் வைத்த மாதிரியே. பழைய ஆஸ்பத்திரி டாக்டராக இருக்கும். தள்ளாடுறாரு டாக்டர், நேத்து பேரு மறந்துட்டாரு, என்கிறாள். யார் பேரை மறந்தேன்? நான் யார் பேரையும் மறக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்கிறார்கள், இவள் ம் ம் என்கிறாள், பிறகு, முக்கால் மணி நேரம் இருப்பாரு என்கிறாள், பிறகு, இப்ப உள்ளதான் இருக்காரு. எழுந்து நின்று கேட்கலாம் என்று பார்த்தேன். முட்டிக்குக் கீழே கால் இருப்பதாகவே தெரியவில்லை. முக்காலி என்னை விடவில்லை. ஆம், இப்போது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, நேற்று ராத்திரி சாப்பாட்டில் போட்டது இப்போது வேலை செய்கிறது. தாழ்ப்பாளைப் பார்த்தேன். தாழ்ப்பாள் இரண்டாகத் தெரிந்தது. இரண்டும் போட்டுத்தான் இருந்தன.

ஓடுகிற சத்தம். கொல்லைக் கதவு படாரென்று திறந்தது, ஒரு கணம் ஒன்றுமில்லை, பிறகு அதே ஓட்டம் திரும்பி வந்து குளியலறைக் கதவில் மோதியது. "என்னங்க! என்னங்க, கதவைத் திறங்க!" என்றாள். "கீஸரை நிறுத்துங்க, குழாயை மூடுங்க, தாழ்ப்பாளை எடுங்க, உள்ள காத்து கெட்டுப்போயிருக்குங்க, கேக்குதா?" என்ன காற்று, காற்றைத்தான் நான் அடைத்துவிட்டேனே. "எதுக்கு?" என்று கேட்டேன். என் குரல் எங்கோ வேறு வீட்டில் கேட்டது. "சொல்றேன், முதல்ல திறங்க." சொல்லிவிட்டுத் திற என்று சொல்ல வேண்டியதுதானே. "நீ யார்கிட்ட பேசின?" என்றேன். "டாக்டர்கிட்டங்க. கேள்வி எல்லாம் அப்புறம் கேளுங்க, ஐயோ, கடவுளே." கதவை இடித்தாள், தோளால் இடிக்கிறாள் போல, கதவு தேக்கு, நான் பார்த்துப் போட்ட கதவு. இவ்வளவு அவசரம். திறந்தால் என்ன செய்வாள்? இந்தக் காலோடு நான் என்ன செய்ய முடியும்? "திறக்க மாட்டேன்" என்றேன், அல்லது சொன்னதாக நினைத்துக்கொண்டேன். சத்தம் நின்றது. காலடி கொல்லைப் பக்கம் போனது. ரப்பர் குழாய் வந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் இரும்பு உரசியது. கண்முன்னே சுடர் சுருங்கிக் குட்டையாகி அணைந்தது. பிடித்துவிட்டேன். பன்னிரண்டு நாளாக யார் மூடுகிறார்கள் என்று இப்போது என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். கடைசிச் சீட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெரியவில்லை, மோவாய் மார்பில் இடித்தது, தூக்க முடியவில்லை, தூக்கம் வந்தது, நல்ல தூக்கம், பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் வருமே அந்த மாதிரி.

மேலே கண்ணாடி உடைந்தது. ஒன்று, இன்னொன்று. துவைக்கிற கல்லின் மேல் ஏறியிருக்கிறாள். அட்டை ஒருமுறை உப்பியது, டேப் விடவில்லை, நான் ஒட்டிய டேப். பிறகு அதைக் கிழித்துக்கொண்டு ஒரு கை முழங்கைவரை உள்ளே வந்தது. கண்ணாடி வளையல், அதற்கு மேலே ஒரு கோடு, கோட்டிலிருந்து ரத்தம் அட்டையில் சொட்டியது. கை அட்டையைப் பிடித்து வெளியே இழுத்தது. அந்தச் சதுரத்தில் பனி தெரிந்தது, பனிக்கு நடுவே அவள் முகம், தலை அவிழ்ந்து, வாய் கோணி. "யோவ் மனுஷா! தூங்காதய்யா! செத்துப்போயிருவ, எந்திரிச்சுக் கதவைத் திற! திறய்யா!" எட்டு மாதத்தில் என்னங்க, வாங்க, சாப்பிடுங்க என்பதைத் தவிர வேறு பேச்சில்லாதவள். ஏமாற்றுகிறவள் இப்படிப் பேசமாட்டாள். ஏமாற்றுகிறவள் கடைசிவரை மரியாதையை விடமாட்டாள், அதுதான் அவளுடைய டிக்கெட். படியில் நின்று மழையில் கத்தினவளிடம் டிக்கெட் இருந்தது. எனக்கு அது தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும். முக்காலியிலிருந்து விழுந்தேன், விழுந்தது வலிக்கவில்லை, ஈரத் தரையில் முழங்கையை ஊன்றி இழுத்துக்கொண்டு போனேன். கதவு பக்கத்தில்தான் இருக்கிறது, மூன்று அடி, ஆனால் போகப் போகத் தள்ளிப் போகிறது. மேலேயிருந்து அவள், "அப்படித்தான், வா, இன்னும் கொஞ்சம், கையைத் தூக்கு" என்கிறாள், பச்சைப் பிள்ளையைக் கூப்பிடுவது போல. கையைத் தூக்கினேன். விரல் தாழ்ப்பாளில் பட்டு வழுக்கியது. மறுபடி தூக்கினேன். அது நகர்ந்தது.

அவள் எப்படி அவ்வளவு சீக்கிரம் சுற்றி வந்தாள் என்று தெரியாது. என் அக்குளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துக் கூடத்தின் வழியாக, கொல்லைப்படிவரை இழுத்துக்கொண்டு போனாள். என்னைவிட ஒரு சாண் குட்டை, எடையில் பாதி இருப்பாள். படியில் சாய்த்து உட்காரவைத்து, தன் சால்வையை எடுத்து என் மேல் போட்டு, "மூச்சை இழுத்து விடுங்க. பேசாதீங்க, இழுத்து விடுங்க" என்றாள். "நீங்க" என்கிற மரியாதை திரும்பிவிட்டது. குளிர்ந்த காற்று மூக்கு வழியாக நெற்றிவரை ஊசியாக ஏறியது. குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தேன். நெற்றியை அவள் பிடித்துக்கொண்டாள். நான் முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு விலாசம் சொன்னாள். மேட்டுத் தெரு, தண்ணீர் தொட்டிக்கு எதிர் வீடு, கேஸ் கீஸர் புகையை மூச்சில இழுத்துட்டாரு, ஆக்ஸிஜன் வேணும், சீக்கிரம் வாங்க. குரல் அப்போதுதான் உடைந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது எரியிறதுக்கே காத்து வேணுமாம்" என்றாள். "காத்து பத்தலன்னா விஷப் புகை வருமாம், வாசனைகூட இருக்காதாம். டாக்டர் முதல்ல கேட்டதே, கேஸ் கீஸரா, ஜன்னல் திறந்திருக்கான்னுதான். இருக்கு டாக்டர்னு சொல்லிட்டே வெளியில வந்து பார்த்தா அட்டை. உங்க ரூமை ஒட்டின பாத்ரூம், நான் எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல. யாரு அடைச்சது அதை?"

"நான்தான்."

அவள் தலையை ஆட்டினாள். மின்கம்பியில் ஒரு காக்கை பனியை உதறிக்கொண்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியிருப்பது எனக்கே தெரிந்தது.

"திறக்கச் சொன்னேன்ல. ஏன் திறக்கல?" என்றாள்.

காது கேட்கவில்லை என்று சொல்லலாம். மயக்கம் என்று சொல்லலாம், அதில் பாதி உண்மையும்கூட. நாக்கு தடித்துக் கிடந்தது. "நீ எனக்கு ஏதோ கொடுக்கிறேன்னு நினைச்சேன்" என்றேன்.

"எதுல?"

"கஷாயத்துல. அப்புறம் சாப்பாட்டுல."

அழுவாள் என்று நினைத்தேன், எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை. அவள் வாசல் பக்கம் பார்த்தாள். சைரன் சத்தம் இன்னும் வரவில்லை. "மருந்துக் கடையில இருந்தவதானே, அப்படித்தான் தோணும்" என்றாள், எனக்குச் சொல்வது போல இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதை நான் மறக்க மாட்டேங்க. அதைப் பத்தி நாம பேசுவோம், இன்னைக்கு இல்ல. இப்ப மூச்சு விடுங்க."

இழுத்து விட்டேன். அவள் முழங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டுவரை இறங்கிப் படியில் விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தவள் போலப் பார்த்துவிட்டு, முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கிழித்த துணியை ஒற்றைக் கையால் சுற்றினாள், சுற்றியதைக் கட்ட முடியவில்லை, ஒரு நுனியைப் பல்லில் பிடித்து இழுத்தாள், அவிழ்ந்துகொண்டது. நான் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு காயம்பட்ட கையை என் மடியில் வைத்தாள். என் விரல்கள் இன்னும் என்னுடையவை ஆகவில்லை, நுனியைப் பிடித்தால் நழுவியது, மறுபடி பிடித்தேன், மறுபடி நழுவியது. அவள் அவசரப்படுத்தவில்லை. கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை.